மருத்துவர் பதில்: கடைசி வரியில் இருந்த கறுப்பு

ஐயா, வயிற்று இரைச்சல், ஏப்பம், மலத்தில் தக்காளித் தோல், "குடல் புற்றுநோயா டாக்டர்?" என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியதைக் கடைசி வரியில் ஒளித்துவிட்டீர்கள்: "இரண்டு நாளாகத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது, ஒட்டுகிறது, வாடை தாங்கவில்லை." கடிதம் கிடைத்ததும் போனில் சொன்னதுதான்: இன்றே ஆஸ்பத்திரி. காரணத்தை இங்கே எழுதுகிறேன். நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இதே வலி மாத்திரையை விழுங்குபவர்கள் இன்னும் நிறையப் பேர்.

மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது பித்தநீர். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ ரத்தம் கசிந்தால், அது அமிலத்தில் வெந்து, சுமார் 6 மீட்டர் சிறுகுடலையும் 1.5 மீட்டர் பெருங்குடலையும் கடந்து வருவதற்குள் கறுத்துவிடும். சிவப்பாக வந்தால் பெரும்பாலும் கீழே கசிவு. தாராக வந்தால் மேலே. இரும்புச் சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், ஆனால் இப்படி ஒட்டாது, நாறாது. நீங்கள் அதைச் சாப்பிடவும் இல்லை.

நீங்கள் சாப்பிடுவது வேறு. செம்பனைக் குலை வெட்டி வந்த இடுப்பு வலிக்கு, கடையில் உதிரியாக வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை, தினம் மூன்று, மூன்று மாதமாக. யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? தன் அமிலமே தன்னை அரிக்காமல் இரைப்பை ஒரு சளிப் படலம் போர்த்தியிருக்கிறது. அதைப் பராமரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற உடலின் ரசாயனத்தைத்தான் இந்த மாத்திரை தடுக்கிறது. வலி குறைவதும் அதே வழியில்தான். "சாப்பிட்ட பிறகுதான் போடுகிறேன்" என்பதெல்லாம் காப்பாற்றாது, மருந்து ரத்தத்தில் கலந்தும் இந்த வேலையைச் செய்யும். "வயிறு வலிக்கவே இல்லையே" என்பீர்கள். வலி மாத்திரை போடுபவருக்குப் புண் வலிக்காமலே ரத்தம் கசிவது சகஜம்.

போதாததற்கு ஜாமு என்ற மூலிகைப் பொடி வேறு. சில ஜாமுக்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு எத்தனையோ முறை எச்சரித்துவிட்டது. ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் பல மடங்கு.

சரி, மற்றவை. இரைச்சல், குடலில் காற்றும் நீரும் நகரும் சத்தம். தக்காளித் தோல் யாருக்கும் செரிக்காது. குடல் தட்டிக்கொண்டது என்று பாட்டி எண்ணெய் தேய்த்தாராம்; குடல் அப்படி இடம் மாறித் தட்டிக்கொள்வதில்லை. அது பின்சுவரோடு ஒரு சவ்வு மடிப்பால் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டி தேய்த்த எண்ணெயால் சுகமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

யூடியூப் பார்த்துப் பயந்த புற்றுநோய்? எடை குறையவில்லை, விழுங்கச் சிரமமில்லை என்கிறீர்கள், நல்லது. ஆனால் அதைத் தீர்த்துச் சொல்ல வேண்டியது கேமராக் குழாய்தான், வீடியோ இல்லை. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கும் அப்போதே பார்த்துவிடுவார்கள். நம் மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அது அதிகம். வலி மாத்திரையால் வராத பெரும்பாலான புண்ணுக்குக் காரணம் காரமோ கவலையோ இல்லை, இந்தக் கிருமிதான் என்று நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். 2005இல் நோபல் பரிசு. அதனால் காரமான சம்பாலைத் திட்ட வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போங்கள். மாத்திரையையும் ஜாமு பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மோட்டார் சைக்கிள் வேண்டாம், மகனைக் காரில் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தலைசுற்றினாலோ காப்பித் தூள் போல வாந்தி வந்தாலோ காருக்குக் காத்திருக்காமல் 999 அவசர எண்ணை அழையுங்கள்.