சாவியைத் தந்துவிட்டுச் சாப்பிடப் போன அக்கா

கேள்வி: ஹட்டனில் தேயிலை பக்கற் செய்யும் கம்பனி ஒன்றில், கலவை அறையில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். அப்பா இல்லை. உயர்தரம் வரை படிக்க வைத்தவர் தாய்மாமா. அவர் இப்போது சின்னதாகத் தேயிலை வியாபாரம் தொடங்கி, எங்கள் இஞ்சி, கறுவாத் தேயிலையின் கலவை அளவைக் கேட்கிறார். அது அலுமாரியில் பூட்டிய கொப்பியில் இருக்கிறது. பொறுப்பான அக்கா சாப்பிடப் போகும்போது சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போவார். போன வாரம் இரண்டு பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். இன்னும் அனுப்பவில்லை. மாமாவின் நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பது?

பதில்: மகள், மாமாவைப் பற்றி விரிவாக எழுதிய நீங்கள், அந்த அக்காவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

அதே ருசி நாளைக்கு மாமாவின் பக்கற்றில் கடைக்கு வந்தால் கம்பனி முதலில் யாரைக் கூப்பிடும்? சாவிக்குப் பொறுப்பானவரைத்தான். உங்களை நம்பியதைத் தவிர அவர் செய்த பிழை என்ன? வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, அவர் சோற்றில் கை வைத்திருந்த நேரத்தில் அந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறீர்கள். 'இன்னும் அனுப்பவில்லை' என்ற சமாதானம் என்னிடம் வேண்டாம். படம் எடுத்தபோதே பிழை நடந்துவிட்டது.

மாமாவிடமும் ஒன்று கேட்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளையைப் படிக்க வைத்தவர், அந்தப் பிள்ளையின் வேலைக்கே உலை வைக்கலாமா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, வெளியிடப்படாத வியாபாரத் தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதற்குக் காப்புரிமைப் பத்திரம் தேவையில்லை. தகவல் ரகசியமாக இருக்க வேண்டும், அதனால் அதற்கு வியாபாரப் பெறுமதி இருக்க வேண்டும், கம்பனி அதைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அந்த அலுமாரிப் பூட்டு அப்படி ஒரு ஏற்பாடுதான். தெரிந்துகொண்டே வாங்குகிற மாமாவும் தப்ப மாட்டார்.

சரி, மூன்று வருடத்தில் உங்கள் மூக்கும் நாக்கும் படித்தது உங்களுடையது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வருகிற வாசம், ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ளப் பக்கம் கிடைக்கிற நல்ல கொழுந்து, எந்தத் தூள் சீக்கிரம் சாயம் இறங்கும் என்பதெல்லாம் இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அறிந்ததுதான். அதை மாமாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று முதலில் வாசியுங்கள். கலவையை மாமா தானே பத்து முறை ஊற்றிக் குடித்துக் கண்டுபிடிக்கட்டும். அவர் செலவழித்த பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுங்கள். அவருக்கு வயதானால் பக்கத்தில் இருந்து பாருங்கள். நன்றிக்கடனை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை உங்கள் சொந்த உழைப்பில்தான் கட்ட வேண்டும்.

இன்றிரவே படத்தை அழியுங்கள், போன் தானாகச் சேமித்து வைக்கிற இடத்திலும் பார்த்து அழியுங்கள். மாமாவிடம் முடியாது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சாவியை நீட்டும்போது, "நீங்களே கொண்டுபோங்க அக்கா" என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.