எடின்பரோ அருகே பென்ட்லாண்ட் குன்றுகளில் ஒரு நாள் நடைக்கு எந்த வழியில் போகலாம்?

கேட்டவர் சொன்னது: எடின்பரோவில் இருக்கிறார், கார் இல்லை, நடக்கத் தெம்பு உண்டு, ஆனால் குன்று ஏறிப் பழக்கமில்லை. பென்ட்லாண்ட் குன்றுகள் வட்டாரப் பூங்காவில் ஒரு முழு நாளைச் செலவிட வேண்டும், நீர்த்தேக்கக் கரையோடு நின்றுவிடாமல் உச்சிகளையும் தொட வேண்டும்.

என் பதில்: ஃப்ளாட்டர்ஸ்டோனில் தொடங்கி, முகட்டின் மீதே ஐந்து உச்சிகளைக் கடந்து, பலர்னோவில் முடியுங்கள். தூரம் 13, 14 கி.மீ. வரும், மொத்த ஏற்றம் 700 மீட்டரை ஒட்டி வரும். பெரும்பாலான வழிகாட்டிகள் ஃப்ளாட்டர்ஸ்டோனுக்கே திரும்பும் வட்டத்தைத்தான் சொல்லும். கார் வைத்திருப்பவருக்கு அது சரி. பேருந்தை நம்பிப் போகிறவருக்கு, எப்போதாவது வரும் பேருந்து காலையிலும் அடிக்கடி வரும் பேருந்து மாலையிலும் அமைய வேண்டும். ஃப்ளாட்டர்ஸ்டோன் இருப்பது ஏ702 சாலையில். எடின்பரோவிலிருந்து பிகர் பக்கம் போகும் பேருந்து அங்கே நிற்கும், ஆனால் ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பலர்னோவிலிருந்து லோதியன் பேருந்து 44 நகரத்துக்கு அடிக்கடி உண்டு. களைத்து, நனைந்து, எப்போது இறங்கி வருவோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நேரத்தில் 44 காத்திருக்கும் ஊருக்குள் இறங்குவதே நிம்மதி.

ஃப்ளாட்டர்ஸ்டோன் கார் நிறுத்தத்திலிருந்து க்ளென்கோர்ஸ் நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகும் சிறு சாலையில் நடங்கள். பத்து நிமிடத்துக்குள் இடப்புறம் 'ஸ்கால்ட் லா' என்ற வழிப்பலகை வரும். அங்கே பிரிந்து, ஓடையின் மேலுள்ள நடைபாலத்தைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். இந்தப் பிரிவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. தார்ச்சாலை சுகமாக இருப்பதால் பேசிக்கொண்டே அணை வரை போய்விடுவார்கள். இடப்பக்கம் தண்ணீர் விரிந்து தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பி வாருங்கள்.

முதல் உச்சி டர்ன்ஹவுஸ் ஹில், 506 மீட்டர். (தொலைபேசியில் வெறும் 'டர்ன்ஹவுஸ்' என்று தேடினால் விமான நிலையப் பக்கம் காட்டும். 'டர்ன்ஹவுஸ் ஹில்' என்று முழுதாகக் கொடுங்கள்.) நாளின் மிகப் பெரிய ஒற்றை ஏற்றம் இதுதான், 300 மீட்டருக்குச் சற்று மேல். பழக்கமில்லாதவர்கள் தப்புச் செய்வதும் இங்கேதான்: தெம்பு இருக்கிறதே என்று முதல் அரை மணி நேரம் வேகமாக ஏறி, சட்டை முழுக்க வியர்வையோடு முகட்டில் போய்க் காற்றில் நிற்பார்கள். ஐந்து நிமிடத்தில் உடம்பு நடுங்கும். பாலத்திலேயே மேலங்கியைக் கழற்றிப் பையில் வையுங்கள், பேச மூச்சு மிஞ்சும் வேகத்தில் ஏறுங்கள், முகடு தொடங்கும் முன் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சரிவின் கீழ்ப்பகுதிதான் ருல்லியன் கிரீன். 1666 நவம்பர் 28 அன்று திருச்சபையில் அரசர் தலையிடுவதை எதிர்த்த 'கவனன்டர்' என்னும் கிளர்ச்சியாளர்களை அரசுப்படை முறியடித்த இடம். நினைவுக்கல் ஒன்றும் அங்கே இருக்கிறது.

டர்ன்ஹவுஸிலிருந்து தென்மேற்கே இறங்கி ஏறினால் கார்னெத்தி, 573 மீட்டர். உச்சியில் பெரிய கற்குவியல். மூடுபனியிலும் உச்சிக்கு வந்துவிட்டோம் என்று காலே சொல்லிவிடும். கார்னெத்தியின் இறக்கம் செங்குத்து, பொடிக்கல் நிறைந்தது. முடிகிற இடத்தில் ஒரு கணவாய், அதன் குறுக்கே கிர்க் ரோடு என்னும் பழைய பாதை. மலைக்கு அப்பால் இருந்தவர்கள் பெனிக்குயிக் தேவாலயத்துக்கு நடந்துபோன வழி அது.

முழு நாளிலும் முக்கியமான இடம் எதுவென்றால் இந்தக் கணவாயைத்தான் சொல்வேன். இங்கே நின்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள். கிளம்பி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, மேகம் உச்சிகளை மூடியிருந்தாலோ, கூட வந்தவர் ஒருவர் பேச்சைக் குறைத்திருந்தாலோ வலப்புறம், அதாவது வடக்கே, கிர்க் ரோட்டில் இறங்கிவிடுங்கள். லோகன்லீ நீர்த்தேக்கத்தின் மேல்முனைக்கு வந்து, அங்கிருந்து தட்டையான சாலையில் இரண்டு நீர்த்தேக்கங்களையும் ஒட்டி ஃப்ளாட்டர்ஸ்டோனுக்குத் திரும்பலாம். மொத்தம் 11 கி.மீ. போல வரும், வழி தவற இடமே இல்லை. இதைத் தாண்டிவிட்டால் இவ்வளவு எளிதாக இறங்கும் வழி மறுபடி கிடைக்காது. இப்படித் திரும்பும்போது க்ளென்கோர்ஸ் கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எடின்பரோவின் குடிநீர்த் திட்டத்துக்காக 1820களில் தேக்கிய நீர் இது. அடியில் புனித கேத்தரின் சிற்றாலயத்தின் இடிபாடு கிடக்கிறது.

நேரமும் வானமும் சரியாக இருந்தால் கணவாயிலிருந்து நேரே ஸ்கால்ட் லா ஏறுங்கள். 579 மீட்டர், பென்ட்லாண்டிலேயே உயரம். உச்சியில் கான்கிரீட் அளவைத் தூண். ஸ்காட்ஸ் மொழியில் 'லா' என்றால் குன்று, 'பர்ன்' ஓடை, 'க்ளூ' குறுகிய பள்ளத்தாக்கு, 'கிப்' கூரிய முனை. வரைபடத்தில் இந்த நான்கு சொற்களும் புரிந்தால் நிலத்தின் பாதி வடிவம் கண்முன் வந்துவிடும்.

ஸ்கால்ட் லாவிலிருந்து வழி மாறுவதும் சகஜம். தெற்கே சவுத் பிளாக் ஹில் தனியாக நிற்கிறது. மேகத்தில் அதன் பக்கம் சாய்ந்தால் ஏ702 பக்கத்து வயல்களில் போய் நிற்பீர்கள். உங்களுக்கு வேண்டிய திசை மேற்கு, கொஞ்சம் தெற்கு சாய்ந்தது. தூணருகே திசைகாட்டியை ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து ஈஸ்ட் கிப் 534, வெஸ்ட் கிப் 551. இரண்டும் சின்ன ஏற்றங்கள்தான், ஆனால் பார்க்க மிக அழகானவை. வெஸ்ட் கிப்பின் உச்சி கத்தி முனைபோல ஒடுங்கியது, இரு பக்கமும் புல்சரிவு.

அந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறைதான் வழுக்கும் என்று நினைப்போம். இங்கே விழவைப்பது பெரும்பாலும் ஈரப் புல். ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்துப் பாதை நடுவே மண் பளபளவென்று தேய்ந்திருக்கும், அதைத் தவிர்க்க ஓரப் புல்லில் கால் வைப்பீர்கள், புல் இறக்கப் பக்கமாகப் படிந்திருப்பதால் குதிகால் அப்படியே சறுக்கும். உடம்பைப் பின்னால் சாய்த்தால் இன்னும் மோசம். முழங்காலைச் சற்று மடக்கி, எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்து, சிறு சிறு அடியாகக் குறுக்கே நெளிந்து இறங்குங்கள். அடிப்பள்ளம் தேய்ந்த ஓட்டக் காலணி வேண்டாம். புது பூட்ஸ் தேவையில்லை, ஆழமான பல் உள்ள காலணி போதும்.

வெஸ்ட் கிப்பின் மேற்குமுனையில் இறங்கியதும் நைன் மைல் பர்னுக்கும் பலர்னோவுக்கும் நடுவே போகும் பழைய தடம் குறுக்கிடும். வலப்புறம் திரும்பி அதில் வடக்கே போங்கள். திறந்த மேட்டுநிலம், ஹெதர் புதர், சில இடங்களில் கணுக்கால் அளவு சேறு. ஆகஸ்டில் ஹெதர் பூத்து நிலமே ஊதாவாகிக் கிடக்கும். பிறகு பேவ்லா பக்கம் பீச் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை, த்ரீப்மியூர் நீர்த்தேக்கத்தின் ஓரமாக ஒரு பாலம், அதன் பக்கத்துச் சதுப்பில் நீர்ப்பறவைகள். அங்கிருந்து பலர்னோ வரை சாலை நடை, அலுப்பானது, வேறு வழியில்லை.

நேரத்தைக் கணக்கிட நெய்ஸ்மித் விதி போதும். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்தது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 14 கி.மீ., 700 மீட்டர் என்றால் நான்கு மணி நேரம் வருகிறது. சாப்பாடு, படமெடுப்பது, சேறு எல்லாம் சேர்த்துப் புதியவருக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் வையுங்கள். டிசம்பரில் எடின்பரோவில் சூரியன் காலை எட்டே முக்காலுக்கு உதித்துப் பிற்பகல் 3.40-க்கு மறைந்துவிடும். வெளிச்சமே ஏழு மணி நேரம்தான். ஆகவே நவம்பர் முதல் ஜனவரி வரை கிர்க் ரோடு வழிதான் உங்களுக்கு. அப்போதும் நெற்றி விளக்கு பையில் இருக்கட்டும்.

மழையை எல்லோரும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். காற்றைப் பார்ப்பவர்கள் குறைவு. முகடு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது, இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். ஆக நான் சொன்ன வழியில் காற்று நேர் முகத்தில் அடிக்கும். மேலே மணிக்கு 25 மைலுக்கு மேல் என்று முன்னறிவிப்பு இருந்தால் வழியைத் தலைகீழாக்குங்கள்: பலர்னோவில் தொடங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, ஃப்ளாட்டர்ஸ்டோனில் முடியுங்கள். வெஸ்ட் கிப்பின் செங்குத்துப் பக்கத்தை ஏறவும் செய்வீர்கள், அது இறங்குவதைவிடப் பாதுகாப்பு. விலை என்னவென்றால் மாலைப் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 40 மைல் என்றால் முகடே வேண்டாம், பள்ளத்தாக்கில் நடங்கள். நகரத்துக்கான அறிவிப்பை நம்பாதீர்கள். மலை வானிலைத் தகவல் சேவையில் 'சதர்ன் அப்லாண்ட்ஸ்' பகுதியைப் படியுங்கள். வசந்தத்திலும் கோடையிலும் கிழக்குக் காற்று வந்தால் ஃபோர்த் கழிமுகத்திலிருந்து 'ஹார்' எனும் கடல்மூடுபனி ஏறிவரும். நகரம் முழுகிக் கிடக்க, உச்சிகள் வெயிலில் நிற்கும் நாட்களும் உண்டு.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது. காற்றும் நீரும் புகாத மேலங்கி, ஒரு கூடுதல் கம்பளிச் சட்டை, மே மாதத்திலும் தொப்பி, கையுறை. முகட்டில் தண்ணீர் கிடைக்காது, ஒன்றரை லிட்டர் கொண்டு போங்கள். வரைபடம் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் 344, தாளில் ஒன்று. குளிரில் தொலைபேசி மின்கலம் சட்டென்று இறங்கும், அதை உள்சட்டைப் பையில் வையுங்கள். கோடையில் பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும். மாலையில் முழங்கால் பின்புறமும் இடுப்பும் பார்த்து, கடித்திருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும், அது லைம் நோயின் அடையாளம்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பொறுப்பாக நடப்பவர் எவரும் தனியார் மேய்ச்சல் நிலத்திலும் நடக்கலாம். பொறுப்பு என்பது இங்கே மிகத் தெளிவானது. கேட்டை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுப் போங்கள். ஏப்ரல், மே ஆடுகள் குட்டி ஈனும் காலம். நாய் ஓடினாலே சினை ஆடு கருக்கலைந்துபோகும், வார்ப்பட்டை கட்டாயம். கன்றோடு பசு நின்றால் பாதையை விட்டு விலகிச் சுற்றிப் போங்கள். காஸில்லா பக்கம் ராணுவச் சுடுதளம் உண்டு. சிவப்புக் கொடி பறந்தால் அந்தச் சரிவுக்குள் போகக் கூடாது.

அரை நாள்தான் கையில் இருக்கிறது என்றால் ஆலர்மியூர் போதும், 493 மீட்டர். ஃபேர்மைல்ஹெட் வரை பேருந்து, அங்கிருந்து ஸ்வான்ஸ்டன் கிராமத்தின் கூரை வேய்ந்த வெள்ளை வீடுகளைத் தாண்டி ஏறி, கெர்கெட்டனையும் தொட்டு இறங்க மூன்று மணி நேரம். கெர்கெட்டனின் வடமுகம் பாறைச்சரிவு, அந்தப் பக்கம் குறுக்குவழி தேடாதீர்கள்.

யாராவது கால் பிசகி நடக்க முடியாமல் போனால் அவசர எண் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் வரைபடக் கட்ட எண்ணைத் தயாராகச் சொல்லுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு வேண்டும்: வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பினால் முடிந்தது. விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள்.

ஃப்ளாட்டர்ஸ்டோன் நிறுத்தம் பற்றி ஒன்று. காலையில் பேருந்து உங்களைச் சாலையின் மறுபக்கம் இறக்கும். ஏ702-ல் வண்டிகள் வேகமாக வரும், பேருந்து நகர்ந்து இரு பக்கமும் தெரிந்த பிறகே கடந்து வாருங்கள். நகரத்துக்குத் திரும்பும் பேருந்து மலைப் பக்கத்திலேயே நிற்கும். இருட்டிவிட்டால் கையை நன்றாக நீட்டுங்கள், தொலைபேசி விளக்கைத் தரைப்பக்கமாகக் காட்டுங்கள். இல்லையென்றால் ஓட்டுநர் உங்களைப் பார்க்காமலே போய்விடுவார்.