நோட்டு எண்ணைப் படிக்கும் மகளுக்கு எந்தப் பாடப்பிரிவு?

அன்புள்ள அம்மா,

மகளின் கட்ஆஃப் மதிப்பெண்ணுக்குப் பொறியியல் கலந்தாய்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்பதால், அவளுடைய பெரியப்பா சொல்வதுபோல் நிலத்தை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில். அந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போகிறவர் பெரியப்பா அல்லர். மேலும், கலந்தாய்வு வழியே சேரும் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை நிர்வாக ஒதுக்கீட்டில் கிடையாது.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. செல்போனில் ரூபாய் நோட்டைப் படமெடுத்து, அதன் வரிசை எண்ணைத் தானாகப் படிக்கும் நிரலை அவள் எழுதிப் பார்க்கிறாளாமே! அதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள். 2015 முதல் படிப்படியாக வந்த நோட்டுகளில், முன்னால் எழுத்தும் எண்ணுமாக வரும் மூன்று குறிகளும் ஒரே அளவில் இருக்க, பின்வரும் ஆறு இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். படத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் தனியே வெட்டி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே மாதிரி இலக்கங்களோடு ஒப்பிட முடியும். மடிப்பின் நிழல் விழுந்தால் 3 என்பது 8 ஆகிவிடும். பழுதான நோட்டுக்கு மாற்றாக அச்சானதில் இடையே நட்சத்திரக் குறி வேறு இருக்கும். நோட்டில் இரண்டு இடங்களில் ஒரே எண் இருப்பதால், இரண்டையும் படித்துச் சரிபார்க்கலாம் என்பது ஒரு வசதி.

நோட்டுகளைத் தரம் பிரிக்கும் இயந்திரத்திலோ, நோட்டு ஓடும்போதே சென்சார் அதை வரிவரியாகப் படமெடுக்கிறது. ஒளி, உருளையின் வேகம், சென்சார் ஆகிய மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் எண் இழுபட்டுத் தெரியும். அந்தக் குறையை மென்பொருளால் மட்டும் முழுதாகத் தீர்க்க முடியாது. சென்சாரையும் சிக்னலையும் மோட்டார் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கற்பிக்கும் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவை நான் வற்புறுத்துவது இதனால்தான். உறவினர் வீட்டு விசேஷத்தில் சொல்லிக்கொள்ள அந்தப் பெயர் அவ்வளவாக எடுபடாது என்பது உண்மைதான். நிரலாக்கத்தை அவள் ஏற்கெனவே தானாகக் கற்று வருகிறாள். படங்களை அலசும் நிரல் தொகுப்பான ஓப்பன்சிவி இலவசம், ஐஐடி பேராசிரியர்களின் இணையவழி என்பிடெல் பாடங்களைக் கேட்கவும் கட்டணமில்லை.

ரூபாய் நோட்டை மட்டும் நம்பினால் வேலைவாய்ப்பு குறைவு என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும், டயரில் பொறித்த எண்ணையும் வாகன எண் பலகையையும் படிப்பதற்கும் இதே திறன்தான் வேண்டும்.

விருப்பப் பட்டியலில் அரசுக் கல்லூரிகளின் இன்ஸ்ட்ருமென்டேஷன் முதலிலும், அடுத்து எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷனும் இருக்கட்டும். அவளை உட்காரவைத்து அவள் கையாலேயே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். பட்டியலைப் பூட்டும்வரை கலந்தாய்வு இணையதளத்தின் கடவுச்சொல் அவளைத் தவிர வேறு யாரிடமும் போக வேண்டாம்.