காசா, பேட்டரியா? குழந்தைகள் அவசர சிகிச்சை மருத்துவரிடம் கேள்வி பதில்

ரிமோட்டின் பின்மூடி கழன்று கிடந்தது. பட்டன் பேட்டரியைக் காணோம். ஒன்றரை வயது மகன் நன்றாகத்தான் விளையாடுகிறான். தானாக வெளியேறும் வரை பார்க்கலாமா?

கூடாது. நீங்கள் முதலில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், மற்றவர்கள் படிக்கட்டும்.

விளையாடுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும். பேட்டரியின் எதிர்மின்முனை (மைனஸ் பக்கம்) தொடும் இடத்தில் காரம் உருவாகிச் சதையைக் கரைக்கும். ஆழமான புண்ணுக்கு 2 மணி நேரம் போதும். தீர்ந்துபோன பேட்டரிதானே என்ற ஆறுதலும் வேண்டாம். ரிமோட்டை இயக்க முடியாததுகூட சதையை அரிக்கும்.

ஒருநாள் நள்ளிரவில் 'காசு' என்ற குறிப்போடு ஒரு எக்ஸ்ரே வந்தது. பெரிதாக்கினேன்: விளிம்புக்குள் இன்னொரு மெல்லிய வளையம். காசுக்கு அது இருக்காது, பட்டன் பேட்டரிக்கு இருக்கும். பக்கவாட்டுப் படத்தில் ஓரத்தில் படிக்கட்டு போலச் சின்னப் படியும் தெரிந்தது. அன்றிலிருந்து எந்தக் காசையும் நான் நம்புவதில்லை.

பேட்டரியை எடுத்த பிறகும் அரிப்பு தொடரலாம். சில வாரங்கள் கழித்துக்கூட, வாந்தியில் துளி ரத்தம் வந்தாலும் உடனே ஓடுங்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால்?

வேண்டாம். எதை விழுங்கியிருந்தாலும் வேண்டாம்.

போகும் வழியில் தேன் கொடுக்கச் சொல்கிறார்களே? குழந்தைக்குத் தேனே கூடாது என்றவர் நீங்கள்தானே?

இரண்டும் சரி. ஒரு வயதுக்குள் தேன் கூடாது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை, விழுங்க முடிகிறது, 12 மணி நேரம் ஆகவில்லை என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன், அதிகபட்சம் 6 தடவை. அரிப்பைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வேறு உணவு எதுவும் வேண்டாம்.

இடையில் ஒரு வார்த்தை, டாக்டர். பாட்டுலிசம் அபூர்வம், பேட்டரியோ 2 மணி நேரத்தில் ஆழமாகப் புண்ணாக்குகிறது. எட்டு மாதக் குழந்தைக்கும் கொடுப்பதுதானே புத்தி?

வாதம் கெட்டிதான். ஆனாலும் வழிகாட்டுதல் ஒரு வயதில் கோடு போட்டிருக்கிறது, நானும் அங்கேதான் நிற்பேன்.

அப்படியென்றால் சும்மா கையைக் கட்டிக்கொண்டா போவது?

சீக்கிரம் போவது சும்மா இருப்பதல்ல! தேன் பாட்டிலைத் தேடும் நேரத்தில் பாதித் தூரம் போயிருக்கலாம். தேன் பேச்சு போதும்.

ஏழு மாதப் பெண். திடீரென வீறிட்டுக் காலை வயிற்றோடு மடக்குகிறாள். சில நிமிடத்தில் அடங்கிச் சோர்ந்துவிடுகிறாள், அப்புறம் மறுபடியும். பல் முளைக்கிறதோ?

பல் வலி இப்படி அலை அலையாக வராது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டதோ என்று இன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்தியே சரிசெய்துவிடலாம். ரத்தமும் சளியுமாக மலம் வருவது தாமதமான அறிகுறி, அதற்குக் காத்திருக்காதீர்கள். பச்சையாக வாந்தி எடுத்தால் எந்த வயதானாலும் அவசரம்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

காய்ச்சலுக்கு எத்தனை மில்லி மருந்து?

எடையைப் பொறுத்தது. உங்கள் வழக்கமான மருத்துவரைக் கேளுங்கள்.

மகள் காசு விழுங்கினாள், நன்றாகத்தான்…

முதல் பதில். எக்ஸ்ரே.

மூக்கில் பேட்டரியைத் திணித்துக்கொண்டான். சொட்டு மருந்து விட்டால் வழுக்கி வருமா?

விடாதீர்கள். ஈரம் கூடினால் எரிப்பும் கூடும். மூக்கென்றாலும் அதே அவசரம்தான், கிளம்புங்கள்.