பால் வாங்கப் போனவனை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு வயது 26. நான்கு வருடங்களுக்கு முன்பு, காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்ல ஆரம்பித்தான். கோயில், மந்திரிப்பு என்று இரண்டு வருடம் அலைந்த பிறகே மருத்துவரிடம் போனோம். மனச்சிதைவு நோய் என்றார். மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. காலையில் பால் வாங்கி வந்துகொண்டிருந்தான். தெருவில் ஏதேதோ கேட்கிறார்கள் என்று அதை நிறுத்திவிட்டோம். இப்போது நாள் முழுவதும் படுத்தே கிடக்கிறான். முழுமையாகக் குணமாவானா?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: சகோதரி, பால் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

தானாக எழுந்து, தெருவில் நடந்து, காசு கொடுத்து, மீதியை எண்ணி வாங்கி வந்த பிள்ளை! இந்த நோயில் மீட்சி அப்படித்தான் தொடங்கும். மாத்திரை குரல்களை அடக்கும். எதிலும் நாட்டமில்லாத மந்தத்தை அது அவ்வளவாகத் தொடாது. அதற்கு ஒரு வேலை வேண்டும், நாலு மனித முகம் வேண்டும். இரண்டையும் பிடுங்கிக்கொண்டு, படுத்தே கிடக்கிறான் என்கிறீர்களே?

முழுமையாகக் குணமாவானா என்பதற்கு அவனுடைய மருத்துவரே இன்று பதில் சொல்ல முடியாது. எந்த வயதில் வந்தது, திடீரென்று வந்ததா, மெல்லப் படிந்ததா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. சிகிச்சை தள்ளிப்போனால் மீட்சி கடினமாகும். அந்த இரண்டு வருடம் போனது போனதுதான். மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பிவிடுகிறது. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூடக் குறைக்காதீர்கள்.

இனி உங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவோம். 1950களில் லண்டனில், மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர்களை ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். பெற்றோரிடமும் மனைவியிடமும் திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கும் உடன்பிறந்தவர் வீட்டுக்கும் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். குத்திப் பேசுவதும், வெறுப்பைக் காட்டுவதும், அளவுக்கு மீறிப் பொத்தி வைப்பதும் நோயை மீண்டும் கிளப்புகின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 1980களில் சண்டிகரில் பார்த்தபோது, நம் குடும்பங்களில் இந்தக் கடுமை லண்டனைவிடக் குறைவாக இருந்தது. பெற்ற பிள்ளையை எந்த நிலையிலும் தாங்குகிற வீடுகள் நம்முடையவை. தெருப் பேச்சுக்குப் பயந்து அந்தக் கடமையைக் கைவிடலாமா?

நாளைக் காலை காசை அவன் கையில் கொடுங்கள். மறுத்தால் அதட்டாதீர்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு நீங்களும் கூட நடங்கள். யாராவது கேட்டால், "உடம்பு சரியில்லாமல் இருந்தான், மருந்து சாப்பிடுகிறான்" என்று அவன் காதுபட, தலை குனியாமல் சொல்லுங்கள்.