முயலுக்கு வயிறு கெட்டால் பட்டினி போடாதீர்கள்

கேள்வி: நாங்கள் குலசேகரத்தில் இருக்கிறோம். மகளுக்காக வாங்கிய வெள்ளை முயலுக்கு இப்போது ஒன்றரை வயது. எடை 2 கிலோ இருக்கும். நான்கு நாள்களாகப் பின்பக்கத்து முடியில் கழிவு களியாக ஒட்டிக்கொண்டு நாற்றம் அடிக்கிறது. கடைத் தீவனத்தையும் மட்டி வாழைப்பழத்தையும் ஆசையாகத் தின்கிறது, புல்லை அவ்வளவாகத் தொடுவதில்லை. மழையில் நனைந்த புல்லைக் கொடுத்ததால் வந்ததா? முயல் விற்ற கடைக்காரர் ஒருநாள் முழுவதும் எதுவும் கொடுக்காமல் போடச் சொல்கிறார். மருந்துக் கடையில் ஓர் ஆன்டிபயாடிக் சிரப்பும் வயிற்றுப்போக்கு மாத்திரையும் தந்தார்கள். கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த இரண்டு மருந்தையும் தனியே எடுத்து வையுங்கள். ஒரு சொட்டுகூடக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இத்துடன் நிறுத்திவிட்டு, பாட்டிலையும் அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது பட்டினி. ‘லங்கணம் பரம ஔஷதம்’, பட்டினியே சிறந்த மருந்து என்பது மனிதருக்குச் சொன்னது. முயலுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவே கூடாது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது எதுவானாலும் முன்னோக்கித்தான் நகர வேண்டும். அதை நகர்த்துவது அடுத்தடுத்து வந்து சேரும் நார்தான். நார் வருவது நின்றால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலி எடுக்கும், அந்த வலியால் முயல் இன்னும் தின்னாமல் ஒடுங்கும். இந்தச் சுழலில் மாட்டிய முயல் ஓரிரு நாளிலேயே இறந்துபோகலாம். ஒருநாள் பட்டினி போடச் சொன்னவருக்கு முயலின் குடலைப் பற்றி எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். முயல் தானாகவே 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இப்போது, உங்கள் முயலுக்கு வந்திருப்பது உண்மையிலேயே வயிற்றுப்போக்குதானா என்று பார்ப்போம். முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். பகலெல்லாம் நாம் கூட்டிப் பெருக்குவது உலர்ந்த உருண்டைப் புழுக்கை. இன்னொன்று ஈரப் புழுக்கை. பச்சை மிளகுச் சரம்போல் கொத்தாக, மேலே பளபளவென்று ஒரு பூச்சுடன் வரும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் இருக்கும் பெரிய பையில் நல்ல நுண்ணுயிரிகள் புல்லை நொதிக்கவைத்து எடுத்த சத்து அதில் இருக்கிறது. முயல் குனிந்து அதை அங்கேயே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இரவிலோ விடியற்காலையிலோ நடப்பதால் பெரும்பாலும் நம் கண்ணில் படாது. மாவும் இனிப்பும் மிகுந்துவிட்டால் இந்த ஈரப் புழுக்கை கட்டியாக உருவாகாமல் களியாக வந்து முடியில் அப்பிக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுவாகத்தான் தோன்றுகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. இன்றிரவு கூண்டின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் உருண்டைப் புழுக்கைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் ஒன்றை எடுத்து இரு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்குங்கள். நாரும் தூளுமாக உதிர வேண்டும். நிறம் வைக்கோல் நிறத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கறுத்து, சிறுத்து, பிசுபிசுவென்று நசுங்கினால் நார் போதவில்லை என்று பொருள். உருண்டைப் புழுக்கையும் விழுந்து, முயலும் துறுதுறுப்பாக இருந்தால் தீவனத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் உருண்டையே இல்லாமல் தண்ணீராகப் போகிறது, சளியோ இரத்தமோ கலந்து வருகிறது, அல்லது புழுக்கையே விழவில்லை என்றால் அது வேறு கதை. கூன்போட்டு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடிக்கிறதா, காதைத் தொட்டால் சில்லென்றிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் இல்லை.

ஈரப் புல்லை நீங்கள் பழிக்கிறீர்கள். பழி சேர வேண்டிய இடம் தீவனப் பையும் மட்டிப்பழமும்தான். நனைந்த புல்லை உதறி அப்போதே கொடுத்தால் வளர்ந்த முயலுக்கு ஒன்றும் ஆகாது. அறுத்து வந்து குவியலாகப் போட்டு, உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் புல்தான் கெடுதல். அது புளிக்கத் தொடங்கிவிட்டது. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டு மழையிலும் புல்லை வீட்டுக்குள் மெலிதாகப் பரப்பி மின்விசிறியின் கீழ் அரைநாள் வாடவிடுங்கள். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் அறையில் போட்டு உலர்த்த வேண்டாம். பூஞ்சை பிடித்தது ஒரு கைப்பிடி என்றாலும் தூக்கி எறியுங்கள்.

எனவே இன்றிலிருந்து பழம், பிஸ்கட், ரொட்டி, கேரட், கடைத் தீவனம் எல்லாம் நிறுத்தம். புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். கினியா புல், கம்பு நேப்பியர், அருகம்புல், எது கிடைக்கிறதோ அது. நாள் முழுவதும், வேண்டிய மட்டும். உலர்ந்த புல் விலைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. தோவாளைப் பக்கத்து வயல் வைக்கோல் சுத்தமாக இருந்தால் கூடவே வைக்கலாம். அதில் நார் உண்டு, சத்து குறைவு. தண்ணீரைக் கனமான மண்சட்டியில் வையுங்கள். இந்த எடைக்கு ஒருநாளில் 200 மில்லி அளவுக்குக் குடிக்கும். பசும்புல் தின்றால் கொஞ்சம் குறையும்.

கஞ்சி ஊற்றுவது, மோர் கொடுப்பது, தெம்புக்கு மார்த்தாண்டம் தேனை விரலில் தொட்டு நாக்கில் வைப்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் நொதித்துப் பொங்கும் பைக்குள் இன்னும் மாவையும் இனிப்பையும் கொட்டுகிறோம் என்பதை நினைவில் வையுங்கள்.

புல் எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். ரப்பர் தோட்டத்திலும் அன்னாசி ஊடுபயிரிலும் களைக்கொல்லி அடிப்பது வழக்கமாகிவிட்டது. அடித்த மறுநாள் புல் பச்சையாகத்தான் நிற்கும். உங்கள் வீட்டு வளாகத்துப் புல்லைத் தவிர வேறெதையும், கேட்டு உறுதி செய்யாமல் அறுக்காதீர்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையும் ரப்பர் இலையும் ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது. இரண்டிலும் உடலுக்குள் போய்ச் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. ஆடு தின்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

முயல் புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், பசித்தால் தின்னும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். பழைய தீவனத்தில் பாதியைக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறையுங்கள். எதையுமே தின்னாத முயலுக்குத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விழுங்கவைக்க வேண்டும். மல்லாக்கப் போட்டு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். வயிறு உப்பிக் கல்லாக இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை எதையும் ஊட்டாதீர்கள்.

ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். முழுக்கக் குளிப்பாட்ட வேண்டாம். நாற்றத்துக்கு ஈ வரும். ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். தினமும் இரண்டு வேளை பாருங்கள்.

இப்போது அந்த மருந்து விஷயம். வயிற்றுப்போக்கு மாத்திரை என்று மருந்துக் கடையில் வழக்கமாகக் கொடுப்பது லோபரமைடு. அது குடலின் அசைவைக் கட்டிப்போடும். அசைந்தே பிழைக்க வேண்டிய குடலுக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிரப் அதைவிட மோசமாக இருக்கலாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், லின்கோமைசின் ஆகியவை வாய்வழியாக உள்ளே போனால் நல்ல நுண்ணுயிரிகளை அழித்துவிடும். மிஞ்சும் கெட்ட கிருமி நஞ்சைக் கக்கும். சிரப் கொடுத்த ஒருசில நாளில் முயல் செத்தால், வந்த நோயால் செத்தது என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். கொன்றது மருந்து.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில நோய்களுக்கு மருத்துவர் பென்சிலினை முயலுக்கு ஊசியாகப் போடுவார். தோலுக்கடியில் போடும் ஊசி, வாய்வழி மருந்தைப்போல் நேரே குடலுக்குப் போவதில்லை. ஆகவே அதைப் போடலாம். வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘டாக்டர் போன தடவை பென்சிலின்தானே போட்டார், அதே ஜாதி மருந்துதானே’ என்று சிரப்பை வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊசி மருந்தைப் பிரித்து வாயில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் போகும் வழி வேறு. ஊசிக்குப் பிறகும் முயல் தின்னவில்லை, புழுக்கை மாறுகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம். மனிதருக்கே அதைக் காற்றில் பறக்கவிட்டிருக்கும்போது முயலுக்கு யார் பார்க்கப் போகிறார்கள்! செல்லப்பிராணி விற்பனைக்கு 2018 முதல் தனி விதிகள் இருக்கின்றன. முயலும் அவற்றில் அடக்கம். கடை, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை கடை காட்டுகிறது பார்ப்போம். தாய்ப்பால் மறக்காத குட்டியை ‘குட்டை இனம், இதற்கு மேல் வளராது’ என்று சொல்லி விற்கிறார்கள். எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டிய குட்டி அது. நியூசிலாந்து வெள்ளை இனமாக இருந்தால் வளர்ந்து 4 கிலோவைத் தாண்டும். முயல் விற்றவரே தீவனம் விற்பார், அவரே வைத்தியமும் சொல்வார். சாக்கில் கொட்டிச் சில்லறையாக விற்கும் தீவனம் பல நேரம் கறிக்கு வளர்க்கும் முயலுக்கானது. சீக்கிரம் எடை ஏற்றுவதே அதன் நோக்கம். கோழித் தீவனத்தை முயல் தீவனம் என்று கொடுப்பதும் நடக்கிறது. கோழித் தீவனத்தில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு. பையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீர்கள்.

அரசு கால்நடை மருந்தகங்களை நம்பித்தான் கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருப்பவர்கள் மாடு, ஆடு, கோழி, தடுப்பூசி முகாம், சினை ஊசி என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். முயலுக்கான மருந்து இருப்பில் இருக்காது. படிக்கும் காலத்திலும் முயலுக்குச் சில பக்கங்கள்தான். அதற்காக மருந்துக் கடைக்குப் போவது வழியாகாது. காலையிலேயே போங்கள். புதிதாக விழுந்த புழுக்கையையும் களியையும் சிறு டப்பாவில் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள். எச்சப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளரும். கடைவாய்ப் பல் கூர்மையாகி நாக்கைக் குத்தினாலும் புல்லை ஒதுக்கும், மென்மையான தீவனத்தை மட்டும் தின்னும். உங்கள் முயல் அப்படித்தான் செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி வீட்டில் இருந்தால் அதற்கு மேலே சொன்ன பொறுமை எதுவும் பொருந்தாது. கழிச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தக்கழிச்சல் நோய் குட்டிகளை வேகமாகக் கொல்லும்.

புல்லுக்கு மாறியபின் ஒரு வாரத்தில் களி குறைய வேண்டும். முழுதும் நின்று இரண்டு வாரம் உருண்டைப் புழுக்கை ஒழுங்காக விழுந்தால் தீவனத்தைத் திரும்பச் சேர்க்கலாம். முதலில் ஒரு தேக்கரண்டி போதும். நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் எப்போதும் வேண்டாம். மட்டிப்பழம் மகளுக்கு இருக்கட்டும்.