அமெரிக்காவின் மண்ணுக்குரிய காட்டு கிராப் ஆப்பிள் மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், காட்டோரம் நிற்கும் முள்ளுள்ள கிராப் ஆப்பிள் மரம் (சிறு காய் காய்க்கும் காட்டு ஆப்பிள்) அந்த மண்ணுக்கே உரியதா, வெளியிலிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பூவை நம்பாதீர்கள். வசந்தத்தில் எல்லாமே வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து ஆளை ஏமாற்றும். இலையுதிர் காலம் வரை பொறுத்துக் காயைப் பாருங்கள்.

மண்ணின் மரமென்றால் காய் பழுத்த பிறகும் பச்சையாகவோ மஞ்சள் கலந்த பச்சையாகவோதான் இருக்கும். தொட்டால் மெழுகு பூசியதுபோல் லேசாகப் பிசுபிசுக்கும். முகர்ந்தால் அருமையான மணம். அதை நம்பிக் கடித்தால் புளிப்பில் வாய் கோணிவிடும். பட்டாணி அளவில் செக்கச்செவேலென்று கொத்தாகத் தொங்குபவை பெரும்பாலும் அழகுக்காக ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பறவைகள் விதையைப் பரப்பிவிடுகின்றன. காய் 5 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தால், யாரோ தின்று எறிந்த ஆப்பிளின் விதையில் முளைத்த மரமாக இருக்கலாம்.

அடுத்தது இலை. வேகமாக வளர்ந்த நீண்ட கிளையில் உள்ள இலையைப் பறித்துப் பாருங்கள். ஓரம் வெறும் பல்லாக இல்லாமல் மடல் மடலாகப் பிளந்திருக்கும். சாதாரண ஆப்பிளில் இப்படி இருக்காது. குட்டைக் கிளையின் இலை இதைக் காட்டிக்கொடுக்காது என்பதால்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முள்ளும் உண்மையில் கூர்மையான குட்டைக் கிளைதான். அதன்மேல் மொட்டோ இலையோ இருக்கும். ஆப்பிளோடு குழப்பிக்கொள்ளக்கூடிய ஹாதார்ன் என்ற வேறொரு முள்மரத்தின் முள் பெரும்பாலும் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, காயைக் குறுக்கே வெட்டுங்கள்: ஆப்பிளில் ஐந்து அறைகளும் மெல்லிய விதைகளும், ஹாதார்னில் கல் போன்ற கொட்டைகள்.

மண்ணுக்குரிய இனங்கள் இவை (மாலஸ் என்பது ஆப்பிள் குடும்பத்துப் பேரினப் பெயர்): கிழக்கில் மாலஸ் கொரோனேரியா, நடுப் புல்வெளிப் பகுதியில் மாலஸ் அயோயென்சிஸ், தென்கிழக்கில் குறுகிய இலையுள்ள மாலஸ் அங்கஸ்டிஃபோலியா. அயோயென்சிஸ் இலையின் அடிப்பக்கம் கோடை முடிந்த பிறகும் மென்மயிர் படர்ந்திருக்கும். கொரோனேரியாவில் அது பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மேற்குக் கடற்கரையின் மாலஸ் ஃபஸ்காவுக்கு மேலே சொன்ன காய் விதி பொருந்தாது; அதன் சிறு நீள்வட்டக் காய்கள் சிவக்கவும் செய்யும்.

அயோயென்சிஸ் வீட்டு ஆப்பிளோடு கலந்து கலப்பினமும் உண்டாகியிருக்கிறது. எனவே சில மரங்கள் எந்த வரையறைக்குள்ளும் அடங்காது. அவற்றுக்கு உறுதியான பெயர் சூட்ட நான் முயல்வதில்லை. படம் அனுப்புவதானால் நீண்ட கிளையின் இலையை இருபக்கமும் எடுத்து, வெட்டிய காயையும் சேர்த்து அனுப்புங்கள்.